முற்றுகைக்குள் வாங்கிய நிலம்

2019 மார்ச் 31, லெந்து காலத்தின் நான்காம் ஞாயிறு. உலகத்தின் பல சபைகளில் அன்று வாசித்த சுவிசேஷப் பகுதி கெட்ட குமாரன் உவமை. அன்று பிற்பகல் மூன்றரை மணி ஆகும் முன்பே, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தென்பகுதியில், தம்முடைய துணிக்கடைக்கு எதிரே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நிப்ஸி ஹஸ்ஸில் என்ற ராப் பாடகர் சுட்டுக் கொல்லப்பட்டார். பெற்றோர் வைத்த பெயர் எர்மியாஸ் ஜோசப் அஸ்கெடோம். வயது 33. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். சுட்டவர் எங்கிருந்தோ வந்தவர் இல்லை. அதே வட்டாரம், அதே கும்பல்.

நான் பாளையங்கோட்டையில் இருக்கும் ஓய்வுபெற்ற போதகன். கீர்த்தனையும் பாமாலையும் கேட்டு வளர்ந்தவன். மகள் குடும்பம் அந்த நகரத்தில் இருக்கிறது. அங்கே போயிருந்த சமயம் மருமகன் ஒரு நாள் க்ரென்ஷா சாலை வழியாக வண்டியை ஓட்டிப் போனார். சுவருக்குச் சுவர் ஒரே முகம். நீள முகம், தாடி, பின்னி விட்ட தலைமுடி. "யாரு மாப்பிள்ளை இவர்?" என்று கேட்டேன். "இந்த ஏரியாப் பையன், மாமா. பெரிய பாடகராயிட்டார். ஆனாலும் இந்த இடத்தை விட்டுப் போகலை. போயிருந்தா இன்னைக்கு உயிரோட இருந்திருப்பார்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனையோ இழவு வீடுகளில் கேட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் பழிக்குப் பழி என்று வெட்டுப்பட்ட பையன்களை அடக்கம் பண்ணியவன் நான். பிழைப்புக்கு வெளியூர் போனவன், கோயில் கொடைக்கோ அசன விருந்துக்கோ ஊர் திரும்பிய இடத்தில் விழுந்திருப்பான். "மெட்ராஸ்லயே கெடந்திருக்கக் கூடாதாலே, எதுக்குலே வந்தே?" என்று தாய் மாரில் அடித்துக்கொள்வாள். அவளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க எல்லா உரிமையும் உண்டு. சுற்றி நிற்கிற நாம் அதையே தீர்ப்பாகச் சொல்லும்போதுதான் எனக்குத் தாங்காது. வெளியே போக வழி இருந்தும் ஒருவர் போகாமல் நின்று, நின்ற இடத்திலேயே கொல்லப்பட்டால், நின்றது பிழை என்று ஆகிவிடுமா? ஒரு செயல் சரியா தவறா என்பதை அதன் முடிவா சொல்லும்? இந்தக் கேள்விக்காகத்தான் ஊருக்குத் திரும்பியும் அந்த மனிதரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

தகப்பன் தாவித் அஸ்கெடோம், எத்தியோப்பியாவுடன் நடந்த விடுதலைப் போர்க்காலத்தில் எரித்ரியாவை விட்டு வந்தவர். தாய் ஆஞ்சலிக் ஸ்மித் அமெரிக்கக் கறுப்பினத்தவர். 1985 ஆகஸ்ட் 15-ல் பிறந்த மகன் கெட்டிக்காரன். உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி அதில் பாட்டுப் பதிவு செய்தவன். அந்தத் தெருக்களில் கெட்டிக்காரப் பையனுக்கும் வேலியில்லை. பதின்ம வயதிலேயே 'ரோலிங் சிக்ஸ்டீஸ்' கும்பலில் சேர்ந்தார். கிரிப்ஸ் என்ற பெரும் கும்பல் கூட்டத்தின் கிளைகளில் அது ஒன்று. அறுபதுகளின் கடைசியில் அந்த நகரத்தில் முளைத்த கிரிப்ஸும், அதற்கு எதிராகக் கிளம்பிய பிளட்ஸும் தலைமுறை தலைமுறையாகப் பையன்களைத் தின்றிருக்கின்றன. எந்தத் தெருவில் பிறந்தாய் என்பதே எந்தப் பக்கம் என்று தீர்மானித்துவிடும். சாதித் தெருவில் பிறந்து வளர்ந்த நம் பையன்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2004-ல் தகப்பன் இரு மகன்களையும் எரித்ரியாவுக்குக் கூட்டிப் போனார். மூன்று மாதம். பாட்டியையும் உறவுகளையும் பார்த்தார்கள். காவல்காரர், அதிகாரி, வியாபாரி, நாட்டை ஆள்கிறவர் எல்லாரும் தன் நிறத்தாராக இருந்த ஒரு தேசத்தைக் கண்டது தம்மை மாற்றிவிட்டது என்று பின்னாளில் அவர் பல பேட்டிகளில் சொன்னார். 19 வயதுப் பிள்ளை திரும்பி வந்ததும் கும்பலை உதறிவிட்டு நல்லவனாகிவிட்டான் என்று நான் எழுதினால் அது பொய். உதறவில்லை. கடைசி வரைக்கும் தாம் அந்தத் தெருக்காரன்தான் என்றே சொல்லிக்கொண்டார். அவர் பாட்டுகளில் துப்பாக்கி இருக்கிறது, போதை வியாபாரம் இருக்கிறது, வாலிபர் கூட்டத்தில் நான் போட்டுக் காட்டக் கூச்சப்படும் வார்த்தைகள் இருக்கின்றன. அவரைப் புனிதராக்க நான் இதை எழுதவில்லை.

அவர் செய்ததில் என் மனதைப் பிடித்தது நிலம்தான். ஸ்லாசனும் க்ரென்ஷாவும் சந்திக்கும் முனையில் ஒரு பழைய கடை வளாகம். இளவயதில் அவரும் அண்ணன் சாமியேலும் சரக்கு விற்றுப் பிழைத்த இடம் அது. காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்துத் தம் பாட்டு சிடிக்களை விற்றார். போலீஸ் துரத்திய இடமும் அதுவே. 2013-ல் 'க்ரென்ஷா' என்று ஒரு தொகுப்பை வெளியிட்டார். இணையத்தில் யாரும் இலவசமாகக் கேட்கலாம்; கையில் வேண்டுமென்றால் ஒரு பிரதி 100 டாலர், ஆயிரம் பிரதிதான். பைத்தியக்காரத்தனம் என்றார்கள். ஆயிரமும் விற்றது. ஜே-சி என்ற பெரும் பாடகர் ஒருவரே நூறு வாங்கினார். இசை நிறுவனங்களுக்குத் தம் பாட்டை எழுதிக் கொடுக்காமல், உரிமையைத் தம் கையில் வைத்துக்கொண்டார். 2017 ஜூனில் அதே வளாகத்தில் 'தி மாரத்தான் க்ளோதிங்' என்ற துணிக்கடையைத் திறந்தார். சிறைக்குப் போய் வந்ததால் வேறெங்கும் வேலை கிடைக்காதவர்களுக்கு அங்கே வேலை கிடைத்தது. மறு ஆண்டு, டேவிட் கிராஸ் என்ற முதலீட்டாளரோடு சேர்ந்து, 'வெக்டர் 90' என்ற பொது வேலைக்கூடத்தைத் தொடங்கினார். தொழில் தொடங்க நினைப்பவர்கள் வாடகைக்கு மேசை பிடித்து வேலை செய்யலாம். அதே கட்டடத்தில் அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு அறிவியலும் கணிதமும் சொல்லிக் கொடுக்க ஒரு மையம். கடைசியில் அந்த வளாகத்தையே கூட்டாளிகளோடு சேர்ந்து விலைக்கு வாங்கினார். இடித்துவிட்டு, மேலே வீடுகளும் கீழே கடைகளுமாகக் கட்டுவது திட்டம்.

பக்கத்தில் 59-ஆம் தெருத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. அங்கே பிள்ளைகளுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தார், விளையாட்டு மைதானத்தைச் சீர்செய்ய உதவினார். க்ரென்ஷா சாலையில் மெட்ரோ ரயில் பாதை போட்டபோது, மற்ற இடங்களில் பூமிக்கடியில் போகும் ரயில் இங்கே மட்டும் கறுப்பு மக்களின் கடைத்தெருவைக் கிழித்துக்கொண்டு தரையில் போகிறதே என்று ஊர் கொதித்தது. அந்தக் கோபத்திலிருந்து பிறந்ததுதான் 'டெஸ்டினேஷன் க்ரென்ஷா' என்ற திட்டம். பாதை ஓரமாக 1.3 மைல் நீளத்துக்குக் கறுப்பினக் கலைஞர்களின் வேலைகளை வைத்துத் திறந்தவெளி அருங்காட்சியகம் ஆக்குவது. ரயிலில் போகிறவன் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்ற வீம்பு அதில் இருக்கிறது. அதற்குத் துணை நின்றவர்களில் இவரும் ஒருவர்.

2018-ல் வந்த 'விக்டரி லேப்' இசைத்தட்டு கிராமி விருதுப் பரிந்துரை வரை போனது. பெயர் வந்தது, பணம் வந்தது. மலையோரம் மாளிகை வாங்கி, வாசலில் காவலாளி போட்டு உட்கார்ந்திருக்கலாம். எங்கே படுத்து உறங்கினார் என்பது பேச்சில்லை. முதலை எங்கே போட்டார், யார் வேண்டுமானாலும் கிட்ட வந்து கைகுலுக்கும்படி எங்கே நின்றார் என்பதுதான் பேச்சு. இத்தனைக்கும் அந்த வளாகத்தில் கும்பல் நடமாட்டம் இருக்கிறது, இவர்களைக் காலி பண்ணச் சொல் என்று நகர அதிகாரிகள் பழைய உரிமையாளரை நெருக்கிக்கொண்டே இருந்த விவரம், அவர் இறந்த பிறகு பத்திரிகைகளில் வெளிவந்தது. ஊரைக் கட்டுகிறவர் என்று ஒரு கை சான்றிதழ் நீட்ட, மறு கை அவர் பெயரில் கோப்பு எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

இனி அந்தப் பிற்பகல்.

மெய்க்காவலர் யாருமில்லாமல்தான் அவர் வந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேல் சிறையிலிருந்துவிட்டுச் சில மாதங்களுக்கு முன் வெளியே வந்திருந்த ஒரு மூத்த நண்பருக்கு உடுத்த நல்ல துணி கொடுக்க வேண்டும். அதுதான் அன்றைய காரியம். வாசலில் நின்று வந்தவர்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார். எரிக் ஹோல்டர் என்பவர் ஒரு பெண்ணின் காரில் வந்து இறங்கினார். பழகிய முகம்தான். நான்கு ஐந்து நிமிடம் பேசினார்கள். நீ போலீசுக்குத் தகவல் சொன்னதாக ஒரு பேச்சு அடிபடுகிறது, அதைச் சரி பண்ணிக்கொள் என்று எர்மியாஸ் அவரிடம் சொன்னார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. தம்பிக்கு அண்ணன் சொல்வது போல எச்சரிக்கையாகச் சொன்னதாகவே சாட்சிகள் சொன்னார்கள். ஆனால் அந்த உலகத்தில் காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் விழுந்தால் உயிரோடு நடமாட முடியாது. ஹோல்டர் போய்ச் சுமார் பத்து நிமிடத்தில் இரண்டு கையிலும் துப்பாக்கியோடு திரும்பி வந்தார். குறைந்தது பத்து குண்டுகள். பக்கத்தில் நின்ற இருவருக்கும் காயம். 2022 ஜூலையில் கொலைக் குற்றம் உறுதியானது; அடுத்த பிப்ரவரியில் 60 ஆண்டு முதல் ஆயுள் வரை என்று தண்டனை.

மறுநாள் திங்கட்கிழமை, கும்பல் வன்முறையை எப்படிக் குறைக்கலாம் என்று பேச நகரக் காவல்துறைத் தலைவரோடு அவருக்குச் சந்திப்பு இருந்தது. அவர் தரப்பிலிருந்தே கேட்டு வாங்கிய சந்திப்பு.

இப்படி ஒரு சாவைச் சும்மா விட்டுவைக்க மனித மனதுக்கு முடியாது. உடனே அதற்கு ஒரு காரணத்தைக் கட்ட வேண்டும். பட்டயத்தை எடுக்கிறவன் பட்டயத்தாலே மடிவான் என்று கெத்செமனேயில் ஆண்டவர் சொன்னதை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. நம் பக்கத்தில் அதையே செய்த வினை என்பார்கள், தலையெழுத்து என்பார்கள். அந்த வசனத்தை ஆண்டவர் யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். கையில் பட்டயத்தோடு நின்ற சீஷனைப் பார்த்து, அதை உறையிலே போடு என்று சொன்ன இடம் அது. நண்பருக்குத் துணி கொடுக்க வந்து நின்றவர் விழுந்து கிடக்கும்போது அதைத் தலைமாட்டில் நின்று வாசிப்பது வேதத்தைத் திருப்பிப் பிடிப்பது. எர்மியாஸ் பட்டயத்தை எடுத்த நாட்கள் உண்டு. அந்த நாட்களில் அவர் சாகவில்லை. செருப்பும் படிப்பும் வேலையும் கொடுத்த நாட்களில்தான் செத்தார். வினைக்கணக்கு என்றால் இந்தக் கணக்கு எந்தப் பேரேட்டில் சேரும்?

இன்னும் சிலருக்கு அந்தச் சின்னக் காரணம் போதவில்லை. இவ்வளவு பெரிய மனிதர், வண்டி நிறுத்துமிடத்தில் ஐந்து நிமிடப் பேச்சுக்கா செத்தார்? டாக்டர் செபி என்ற மூலிகை வைத்தியரைப் பற்றி அவர் ஆவணப்படம் எடுக்க இருந்தார், அதனால் மருந்து கம்பெனிகள் ஆள் வைத்துக் கொன்றுவிட்டன என்று கதை பரவியது. ஆதாரம் ஏதுமில்லை, நீதிமன்றத்தில் வந்ததெல்லாம் அந்த ஐந்து நிமிடப் பேச்சுதான். ஆனாலும் அந்தக் கதையை நம்பினவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பெரிய சாவுக்குப் பெரிய எதிரி வேண்டும் என்று துக்கம் கேட்கிறது. அற்பக் காரணத்துக்குப் போன உயிர் என்று ஏற்றுக்கொள்வது, அதிலே தேவனுடைய நியாயம் எங்கே என்று கேட்பதற்குச் சமம். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் சதிக்கதைக்குள் ஒளிகிறோம்.

மூன்றாவது பேச்சு என்னைப் போன்ற போதகர்களின் பேச்சு. கோதுமைமணி நிலத்தில் விழுந்து செத்தால் மிகுந்த பலனைக் கொடுக்கும். ஏப்ரல் 11-ஆம் தேதி ஸ்டேபிள்ஸ் சென்டர் அரங்கில் இருபதாயிரத்துக்கும் மேல் ஜனம் கூடியது. ஒபாமா எழுதி அனுப்பிய கடிதத்தை வாசித்தார்கள். ஸ்டீவி வொண்டர் பாடினார், லூயி ஃபராகான் பேசினார். துணைவி லாரன் லண்டன், அவர் உயிரோடிருக்கும்போது தாம் அனுப்பிய ஒரு குறுஞ்செய்தியை வாசித்தார். லாரனின் மூத்த மகன், சின்னப் பையன், தான் கண்ட கனவைச் சொன்னான்: சொர்க்கம் எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்டானாம், அது பரதீசு என்றாராம். பெட்டி 25 மைல் தூரம் தெற்குத் தெருக்களில் ஊர்வலமாகப் போனது. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத கும்பல்கள் சேர்ந்து நடந்தன, சமாதானம் பேசின. 1992-ல் வாட்ஸ் பகுதியில் கிரிப்ஸும் பிளட்ஸும் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு இப்படி ஒன்று இல்லை என்றார்கள். கோதுமைமணி என்று பிரசங்கம் பண்ண இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் அதே ஊர்வலப் பாதையை ஒட்டி, அதே நாள் மாலையில், ஒரு காரிலிருந்து சுட்டு நான்கு பேர் குண்டடிபட்டார்கள். ஒருவர் செத்தார். 2021-ல் அந்த நகரத்தில் ஏறத்தாழ 400 கொலைகள். எர்மியாஸ் செத்த ஆண்டைவிட மிக அதிகம். கொள்ளைநோய்க் காலம், துப்பாக்கி விற்பனை பெருகிய காலம் என்று காரணங்கள் உண்டு. என்றாலும் பலன் பலன் என்று எண்ணிக் காட்டி அந்தச் சாவை நியாயப்படுத்தப் போகிறவன், இந்த எண்ணையும் சேர்த்து எண்ண வேண்டும். நல்ல பலன் வரும் என்பதற்காக ஒரு மனிதனைத் தேவன் வண்டி நிறுத்துமிடத்தில் சாகக் கொடுத்தார் என்று நான் பிரசங்கம் பண்ண மாட்டேன். அந்தச் சாவு அநியாயம். பூசி மெழுகாமல் அநியாயம் என்றே அதைத் தேவனுக்கு முன்னால் வைப்பதுதான் ஜெபம் என்று நினைக்கிறேன்.

சாவை விட்டுவிட்டு, நின்றதைப் பார்ப்போம். நம்முடைய உயிர்மீட்சிக் கூட்டங்களில் சாட்சி சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் விட்டு வந்தவர்கள். குடியை விட்டேன், கூட்டாளிகளை விட்டேன், ஊரையே விட்டேன் என்பார்கள். ஆயத்துறையை விட்டு எழுந்து பின்னே போன லேவியைப் போல. அது உண்மையான சாட்சி. அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எரிகோவில் காட்டத்தி மரத்தில் ஏறியிருந்த சகேயுவும் ஆயக்காரன்தான். அவனைப் பார்த்து ஆண்டவர் வேலையை விடு, ஊரை விடு என்று ஒரு சொல் சொல்லவில்லை. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், ஏமாற்றினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று, அதே எரிகோவில், தன்னைப் பாவி என்று முறுமுறுத்த ஜனத்தின் நடுவிலேயே நின்று சொன்னான். லேகியோன் பிடித்திருந்தவனை நினையுங்கள். கல்லறைகளில் கிடந்தவன், ஊரார் சங்கிலி போட்டுக் கட்டிப் பார்த்தவன். குணமானதும், நானும் உம்மோடு வருகிறேன் என்று படகருகே நின்று கெஞ்சினான். ஆண்டவர் சேர்த்துக்கொள்ளவில்லை, உன் இனத்தாரிடத்தில் வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார். சங்கிலி போட்டவர்களிடமே அனுப்பினார். கூட வருகிறேன் என்று கேட்ட ஆளை ஆண்டவர் மறுத்து, உள்ளூரில் இரு என்று சொல்லிப் போன இடம் அது. எந்தப் பிரசங்கியும் அதை உயிர்மீட்சி மேடையில் எடுப்பதில்லை.

எர்மியாஸ் என்பது எரேமியாவின் பெயர்தான், எரித்ரியாவில் அப்படி வழங்கும். பெயரை வைத்து நான் கோட்டை கட்டவில்லை. ஆனால் அந்த வளாகத்தை விலைக்கு வாங்கின செய்தியைப் படித்தவுடன் எரேமியா 32-ஆம் அதிகாரத்தைத் திறக்காமல் இருக்க முடியவில்லை. பாபிலோன் சேனை எருசலேமை வளைத்துக்கொண்டிருக்கிறது. நகரம் விழும் என்று சொன்ன குற்றத்துக்காகத் தீர்க்கதரிசி காவற்சாலை முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். அப்போது பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்குத்தான் என்கிறான். எதிரி சேனை நிற்கிற நிலம். எந்தப் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் யாரும் கையெழுத்துப் போடாத பேரம். எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். கிரயப்பத்திரம் எழுதுகிறார், முத்திரை போடுகிறார், சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் போட்டு வை என்று பாருக்கிடம் ஒப்படைக்கிறார்.

ஆனதோத் எப்படிப்பட்ட ஊர்? அவருடைய சொந்த ஊர். தீர்க்கதரிசனம் சொல்லாதே, சொன்னால் எங்கள் கையால் சாவாய் என்று அவரைக் கொல்லத் திட்டம் போட்ட ஊரும் அதுவே. 11-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கொல்லப் பார்த்த ஊரில் காசு கொடுத்து நிலம் வாங்கியிருக்கிறார் மனிதர். வாங்கி முடித்த கையோடு ஜெபத்தில் விழுகிறார்: கொத்தளங்கள் எழும்பி நிற்கிறதே, நகரம் போய்விட்டதே, இந்த நேரத்தில் நிலம் வாங்கு என்றீரே என்று. விசுவாசத்தில் ஆடாமல் அசையாமல் கையெழுத்திட்டார் என்று வேதம் சொல்லவில்லை. கையெழுத்து முதலில், கலக்கம் பிறகு.

நகரம் விழுந்தபின் ஒரு சம்பவம். பாபிலோன் தளபதி நேபுசராதான் எரேமியாவின் விலங்கைக் கழற்றிவிட்டு, என்னோடு பாபிலோனுக்கு வா, உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன். விருப்பமில்லையென்றால் இரு, தேசமெல்லாம் உனக்கு முன்பாக இருக்கிறது என்கிறான். கதவு திறந்துவிட்டது. எரேமியா போகவில்லை. மிஸ்பாவில், எஞ்சிய ஏழை ஜனத்தோடு இருந்துகொண்டார். அப்புறம் நடந்தது நல்லதில்லை. அந்த ஜனமே அவரை இழுத்துக்கொண்டு எகிப்துக்குப் போனது. அங்கே அவர் பேசினது வரை வேதத்தில் இருக்கிறது. சாவைப் பற்றி ஒரு வரி இல்லை. தம் சொந்த ஜனத்தின் கையால் கல்லெறியுண்டு செத்தார் என்பது பழைய மரபு. 17 சேக்கல் நிலத்தில் அவர் ஒரு நாளும் ஏர் பூட்டவில்லை.

அப்படியானால் அந்தக் கிரயம் வீணா? பாபிலோனுக்குப் போயிருந்தால் கட்டிலில் கிடந்து கிழவராகச் செத்திருப்பார் என்று நாம் அவருக்குப் புத்தி சொல்லலாமா? எனக்குத் தோன்றுவது இதுதான். அந்தக் கிரயம் வாங்கின அன்றைக்கே நிறைவேறிவிட்டது. இந்த ஊர் கைவிடப்படவில்லை என்று ஒருவர் தன் வெள்ளியை நிறுத்து வைத்துச் சொன்னார். பிறகு அவருக்கு என்ன நடந்தாலும் அந்தச் சொல் பொய்யாவதில்லை. ஸ்லாசன் முனையில் அந்த வளாகத்தை வாங்கினதும் அப்படித்தான். வங்கி கடன் கொடுக்கத் தயங்கும் தெரு, ரயில் கிழித்துக்கொண்டு போகும் தெரு, தப்பிப் போவதே வெற்றி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த தெரு. அங்கே ஒருவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பத்து குண்டு அந்தக் கையெழுத்தை அழித்துவிடும் என்று ஒப்புக்கொண்டால், எந்த ஊர் யாருக்கு என்று முடிவு செய்யும் அதிகாரத்தைத் துப்பாக்கி வைத்திருப்பவனிடமே கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

துணி வாங்க வந்த அந்த மூத்த நண்பரைப் பற்றி நான் படித்ததை மறக்க முடியவில்லை. அவருக்கும் அன்று குண்டுக்காயம். கொஞ்ச நாளில் அவரைக் கைது செய்தார்கள். பரோல் நிபந்தனையை மீறிவிட்டாராம். கும்பல் ஆளோடு சேர்ந்து நின்றாராம். எந்தக் கும்பல் ஆள்? செத்துப்போன எர்மியாஸ்தான். ஜனங்கள் கொதித்த பிறகு விடுதலை செய்தார்கள். ஒரே மாதத்தில், ஒரே மனிதருடைய பெயரை ஒரு சதுக்கத்துக்கு வைக்க நகர மன்றம் தீர்மானம் எடுக்கிறது. அதே மனிதரோடு நின்ற குற்றத்துக்காக இன்னொருவர் சிறைக்குப் போகிறார். மனந்திரும்பினவர் என்று சட்டம் யாரை ஏற்றுக்கொள்ளும்? விலகிப் போனவனை மட்டும்தான். நின்று மாறுகிறவனுக்கு அதில் கட்டமே இல்லை. சபையிலும் பல நேரம் இல்லை என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் பக்கத்துச் சேகரத்துப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை. நல்ல கைத்தொழில்காரன். அண்ணன் ஒரு பழிவழக்கில் செத்தவன். இவன் பேரும் பழைய வழக்கொன்றில் இருந்து, பிறகு விடுதலையாகிவிட்டது. ஊரில் வெல்டிங் பட்டறை போட வேண்டும், தெருவில் சும்மா திரிகிற நான்கு பையன்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவர்களில் இரண்டு பேர் எதிர்த்தெருப் பையன்களாக இருக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். "வரலாமா ஐயரே?" என்று கேட்டான்.

32-ஆம் அதிகாரத்தை அவனையே வாசிக்கச் சொன்னேன். க்ரென்ஷாவில் வளாகம் வாங்கினவரைப் பற்றிச் சொன்னேன். பள்ளிக்கூடத்துச் செருப்பைச் சொன்னேன், கடைசிப் பிற்பகலையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ஆனதோத்து நிலம் அப்புறம் யாருக்குப் போச்சு?" என்றான். எஸ்றா 2-ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினேன். சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்களின் பட்டியல். ஆனதோத்தின் மனிதர் 128 பேர் என்று இருக்கிறது. நிலத்தைப் பற்றி, பத்திரத்தைப் பற்றி, மண்பாண்டத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கோயிலுக்கு எதிரே காலியாகக் கிடக்கும் சேகரக் கட்டடத்தைப் பட்டறைக்கு வாடகைக்குக் கொடுப்பார்களா, மும்முனை மின் இணைப்பு வாங்க எவ்வளவு ஆகும் என்று பேச ஆரம்பித்தான்.

கமிட்டியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். அவன் அம்மாவிடமும் நான்தான் பேச வேண்டுமாம். போவேன். மூத்தவனை அடக்கம் பண்ணின வீடு அது. அவள் என்ன கேட்டாலும் உட்கார்ந்து கேட்பேன், அவன் எதற்காக வர நினைக்கிறான் என்று சொல்வேன். அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று மட்டும் அவளுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்.